பெயர் வந்தது, படம் வரவில்லை

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. கையால் நாலு பக்கம் எழுதி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே அக்கா கேலி செய்வாள். படிக்கக் கஷ்டமாக இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். பக்கத்து அறையில்தானே இருக்கப்போகிறேன்.

நடந்ததை நடந்தபடி வரிசையாக எழுதச் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் பழக்கம். பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவன் நான். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் எது எது ஒழுங்காக வேலை செய்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்வேன். அப்புறம்தான் வேலை செய்யாததைத் தேடுவேன். என் கீழே வேலை பார்த்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். "சார் ஆரம்பிச்சுட்டாரு, இனி சாயங்காலம்தான்" என்பார்கள். சிரிக்கட்டும். கடைசியில் கோளாறைக் கண்டுபிடிக்கிறவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டடம் என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்குள் இருப்பது பெரிய கட்டடம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலை ஓரமாக இருப்பது சின்னக் கட்டடம். சின்னதில் ஸ்கேன் எந்திரம் உண்டு, ஸ்கேன் படத்தைப் படித்து அறிக்கை தருகிற டாக்டர் கிடையாது. அவர் பெரிய கட்டடத்தில் ஒரு இருட்டறையில் மூன்று திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அங்கே எடுத்த படம் நெட்வொர்க் வழியாக இவர் திரைக்கு வர வேண்டும். இவர் பார்த்து இரண்டு வரி எழுதினால்தான் அங்கே அடுத்த காரியம் நடக்கும். முன்பு ஒரு தடவை டியூட்டி டாக்டர் ஒருவர் தானே படத்தைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று ஒரு பேஷன்ட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அது பெரிய தகராறாகப் போனது. அதிலிருந்து, படிக்கிற டாக்டரின் அறிக்கை இல்லாமல் தலையில் அடிபட்டவரை வீட்டுக்கும் அனுப்பக்கூடாது, பெரிய கட்டடத்துக்கும் ஏற்றக்கூடாது என்று விதி வந்தது. அந்தக் காகிதம் ஸ்கேன் அறைக் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

அந்த அறையில் படம் எடுக்கிறவள் என் அக்கா. எடுத்தவள் என்று எழுத வேண்டும். இருபத்தாறு வருடம் எடுத்தாள். என்னை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவள்தான். அப்போதிருந்த நிர்வாகியின் அறைக்கு வெளியே மூன்று நாள் நின்று, "என் தம்பிக்கு இந்த வயர் வேலையெல்லாம் அத்துப்படி சார், ஒரு தடவ கூப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே காரியத்தை முடித்தாள். அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அவள்தான். அத்தானும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு நான்தான். எங்களுக்குள் ஏதோ பழைய மனஸ்தாபம் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது, அதற்காக எழுதுகிறேன். ஒருநாள்கூட முகம் சுளித்துப் பேசிக்கொண்டதில்லை.

போன வருடக் கடைசியில் புது நிர்வாகி வந்தார். நெட்வொர்க் வேலையை ஒரு வெளிக் கம்பெனியிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். மூன்று மாதம் வெள்ளோட்டம், சரியாக நடந்தால் நிரந்தரம். அதுவரை நான் கூடவே இருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். "அதுக்கப்புறம் எனக்கு என்ன சார்?" என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். நிர்வாகிகள் பாக்கலாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று தெரியாதவனா நான்?

கம்பெனியிலிருந்து வந்தவர் எந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு வருவார். டைக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். கெட்டவர் இல்லை. முதல் நாள் என் சர்வர் அறைக்குள் வந்து கேபிள் கட்டுகளைப் பார்த்து, "இதெல்லாம் மியூசியத்துல வைக்கலாம் சார்" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதில் ஒவ்வொரு கேபிளும் எந்த மாடியில் எந்த மேஜைக்குப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் நான். அதை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே நான் போட்ட ஒரு வழி இருந்தது. அவர் புதிதாக இன்னொரு வழி போட்டார். நெரிசலைப் பார்த்து, படங்கள் இரண்டில் ஏதாவது ஒன்றில் போகும். புது வழியில் ஒரு சின்ன விஷயம் உண்டு. படம் முழுசாகப் போகாது, துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டித்தான் போகும்; குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய பொட்டலம் அதில் நுழையாது. அது குற்றமில்லை, பல இடங்களில் அப்படித்தான். பெரிய பொட்டலம் வந்தால், வாசலில் இருக்கும் கருவி அனுப்பியவருக்கு ஒரு சீட்டைத் திருப்பி அனுப்பும், "பெரிசா இருக்கு, சின்னதாக்கி அனுப்பு" என்று. அனுப்புகிற எந்திரம் உடனே சின்னதாக்கி அனுப்பும். இமைப்பதற்குள் நடந்துவிடும், யாருக்கும் தெரியாது.

அந்தச் சீட்டு திரும்பிப் போகாமல் தடுத்துவிட்டால்? எந்திரம் காத்திருக்கும். அதே பெரிய பொட்டலத்தையே அதே வழியில் மறுபடி அனுப்பும், மறுபடி காத்திருக்கும். திரையில் பிழை எதுவும் காட்டாது. சின்னப் பொட்டலங்கள் எல்லாம் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும். இதற்கு ஃபயர்வால் என்கிற காவல் கருவியில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு திங்கட்கிழமை காலை, டைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தபோது, அந்த வரியைச் சேர்த்தேன்.

நான் எதையும் உடைக்கவில்லை, வெட்டவில்லை. ஒரு சீட்டைத் திரும்ப விடவில்லை, அவ்வளவுதான். புது வழி சரியில்லை என்று இரண்டு மூன்று வாரம் பேர் கெட்டால் போதும், கம்பெனி தானாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

மூன்று வாரம் டைக்காரர் பட்ட பாட்டைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருந்திருக்கும். கேபிளை மாற்றினார், பெட்டியை மாற்றினார், சின்னக் கட்டடத்துக்கும் பெரிய கட்டடத்துக்கும் நாய் மாதிரி அலைந்தார். "பிங் போகுதே சார்" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வார். பிங் என்பது கதவைத் தட்டி ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது. அது சின்னப் பொட்டலம், போகாமல் என்ன செய்யும்? சோதித்துப் பார்க்க ஒரு ஃபைல் அனுப்புவார். கையில் கிடைத்த ஒரு பக்கக் கடிதம். அதுவும் ஜம்மென்று போகும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் இருக்கிற புத்தி அது, மேடம். சோதனைக்கென்று யாரும் பெரிய ஃபைலை எடுப்பதில்லை. சின்னது போனால் பெரிசும் போகும் என்று நினைப்பு. போதாக்குறைக்கு, என் பழைய வழியில் போகிற படங்கள் ஒழுங்காகப் போய்ச் சேரும். காலையில் மாட்டிக்கொண்ட ஆளின் படத்தை நிறுத்திவிட்டு, மத்தியானம் புதிதாக அனுப்பினால் போய்விடும். அவருக்குத் தலை சுற்றிவிட்டது. கடைசியில் என்னிடமே வந்து, "சார், உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்று கேட்டார். "ஸ்கேன் மிஷின்ல பாத்தீங்களா?" என்றேன். போய் இரண்டு நாள் அதைப் பார்த்தார்.

இருட்டறையில் என்ன தெரியும் என்றால், பேஷன்ட்டின் பெயர், வயது, என்ன ஸ்கேன் என்கிற விவரமெல்லாம் பட்டியலில் வந்துவிடும். அது சின்னது. படம் வராது. எத்தனை படம் என்கிற இடத்தில் பூஜ்யம் என்று நிற்கும். பார்க்கிறவருக்கு, ஸ்கேன் எடுத்த ஆள் பெயரைப் பதிந்துவிட்டு, படத்தை அனுப்ப மறந்துவிட்ட மாதிரியே தோன்றும்.

அக்கா தினமும் ஃபோன் செய்வாள். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. "தம்பி, பேரு வந்திருக்காம், படம் வரலையாம். என்னடா இது வம்பு?" என்பாள். "பாக்கிறேன்க்கா" என்பேன். "நீ பாத்தா சரியாயிடும். அந்த டைக்காரருக்கு ஒண்ணும் தெரியல" என்பாள். ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மூன்று வாரமும் படம் மாட்டினால் அவள் அதை ஒரு டிஸ்க்கில் போட்டு வேனில் கொடுத்து அனுப்புவாள். வேன் போய்ச்சேர ஒரு மணி நேரம். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை.

மூன்றாவது வாரம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நிர்வாகி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். டைக்காரரைப் பார்த்து, "இன்னிக்கு நாலு மணி வரைக்கும் பாக்கிறேன். நாலு மணிக்கு ஒரு படம் வந்து சேராம நின்னாலும் நீங்க கிளம்பிடலாம்" என்றார். இருட்டறையோடு பேசுவதற்கு மேஜைமேல் ஒரு ஃபோனை வைத்துக்கொண்டார். நாங்கள் மூவரும் அந்த அறையிலேயே உட்கார்ந்தோம். டைக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

அன்று பத்தரை மணிக்குத்தான் சின்னக் கட்டடத்துக்கு ஒரு தச்சர் வந்தார். மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டார். மகள் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தாள். நடந்துதான் உள்ளே வந்தார். தலை வலிக்கிறது என்றார், ஒரு தடவை வாந்தி எடுத்தார். படுக்கையில் ஏறும்போது அக்காவிடம், "உள்ள ஏதாவது இருக்கான்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா, ஒண்ணும் இல்லன்னு என் பொண்ணு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கா" என்றாராம். அக்கா சிரித்தாளாம். இதையெல்லாம் அவள்தான் சொன்னாள். இன்றும் சொல்கிறாள்.

பத்து நாற்பத்திரண்டுக்கு அவள் அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். படம் புது வழியில் போய் மாட்டிக்கொண்டது. அன்று அதற்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு பேர் படம் பழைய வழியில் ஒழுங்காகப் போயிருக்கிறது. மாட்டியது அது ஒன்றுதான். டியூட்டி டாக்டர் திரையில் பார்த்துவிட்டு, ஓரத்தில் ஏதோ மெல்லிசாகத் தெரிகிறது, என்னவென்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை, அறிக்கை வரட்டும் என்றார். கதவில்தான் காகிதம் ஒட்டியிருக்கிறதே. தச்சரைக் கட்டிலில் படுக்கவைத்து, வலிக்கு ஊசி போட்டார்கள். மத்தியானம் அவர் அசந்து படுத்திருந்ததைப் பார்த்து, ஊசி போட்டதால் தூங்குகிறார் என்று மகள் போர்வையை இழுத்துவிட்டாளாம்.

அக்கா எனக்கு மூன்று தடவை ஃபோன் செய்தாள், ஒவ்வொரு தடவையும் வராந்தாவுக்குப் போய்ப் பேசினேன். பதினொன்று பத்து, பன்னிரண்டு இருபது, ஒன்று நாற்பது. படம் போகவில்லை என்றாள். நான் பார்க்கிறேன், பொறு என்றேன். என்ன கேஸ் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு ஐம்பதுக்குத் தச்சர் இறந்துவிட்டார். மூன்று ஐந்துக்கு அக்கா கூப்பிட்டாள். "தம்பி, அவரு போயிட்டாருடா" என்றாள். நான் எழுந்து சர்வர் அறைக்குப் போனேன். மூன்று இருபதுக்கு அந்த வரியை எடுத்தேன்.

அப்புறம் ஏன் இருட்டறைக்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. படிக்கிற டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூஜ்யம் என்றிருந்த இடத்தில் ஒன்று வந்தது, பத்து வந்தது, நாற்பது வந்தது. அக்காவின் எந்திரம் பாவம், காலையிலிருந்து விடாமல் முயன்றுகொண்டே இருந்திருக்கிறது. மூன்று முப்பத்தொன்றுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு படமும் வந்து சேர்ந்துவிட்டது. டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். மண்டையோட்டை ஒட்டி, பிறை மாதிரி வெள்ளையாக ஒரு கோடு, கசிந்து தேங்கிய ரத்தம். "காலைலயே வந்திருந்தா பொழச்சிருப்பாரே" என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தச்சரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை, மேடம். தலையின் உள்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். குளிக்கும்போது கண்ணை மூடினால் அந்த வெள்ளைக் கோடு வருகிறது. எந்தத் திரையிலாவது ஏதாவது பாதியில் நின்றால், வங்கியில், பஸ் நிலையத்தில், வீட்டு டிவியில்கூட, எழுந்து வெளியே போய்விடுகிறேன். என் மனைவி, "உங்களுக்கு என்னதான் ஆச்சு, பேய் புடிச்ச மாதிரி?" என்கிறாள். பிரஷர் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மேலே ஒன்று தவறாக எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த வேண்டாம், இங்கேயே எழுதுகிறேன். என்ன கேஸ் என்று எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. பதினொன்று பத்துக்குக் கூப்பிட்டபோதே, "தலைல அடிபட்டவருடா, வாந்தி வேற எடுத்துட்டாரு" என்று அக்கா சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். "வேன் வாசல்லயே நிக்குது. டிஸ்க்ல போட்டுக் குடுத்துடவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். "படம் வந்துக்கிட்டே இருக்குக்கா, பாதி வந்துடுச்சு, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நடுவுல டிஸ்க் வந்தா குழப்பம்" என்றேன். அவள் நம்பினாள். நான் சொன்னால் நம்புவாள். வேன் போயிருந்தால் பன்னிரண்டேகாலுக்கு டிஸ்க் இருட்டறைக்கு வந்திருக்கும். அறிக்கை வந்துவிட்டிருந்தால், மாட்டியிருந்த அந்த ஒரே படத்தின் கவலையும் தீர்ந்தது என்று நிர்வாகி எழுந்துபோயிருப்பார். நாலு மணிவரை அது மாட்டியே இருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு இருபதுக்கும் பாதி வந்துவிட்டது என்றேன். ஒன்று நாற்பதுக்கு, "முக்கால்வாசி வந்துடுச்சு" என்றேன்.

இப்போது சரியாக இருக்கிறது.

விசாரணைக் கமிட்டி பன்னிரண்டாவது நாள் கூடியது. அக்கா நேராகவே சொன்னாள். "நான் பத்து நாப்பத்திரண்டுக்கு அனுப்பினேன். மிஷின்ல பாருங்க, இருக்கும்" என்றாள். என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். இல்லை என்று வந்து சொன்னேன். அது பொய் இல்லை. அந்த எந்திரம் பத்து நாள் பதிவைத்தான் வைத்திருக்கும், அப்புறம் புதுசு வந்து பழசை அழித்துவிடும். எத்தனை நாளைக்குள் பார்க்க வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பெரிய கட்டடத்துப் பதிவில் படம் வந்த நேரம் மூன்று முப்பத்தொன்று என்று தெளிவாக இருந்தது. பேஷன்ட் இறந்து நாற்பத்தோரு நிமிடம் கழித்து. அறிக்கையில் நான் எழுதியது இவ்வளவுதான்: அன்று அதே எந்திரத்திலிருந்து பதினோரு பேர் படம் தடையில்லாமல் வந்திருக்கிறது, நெட்வொர்க் வேலை செய்துகொண்டிருந்தது, இந்த ஒரு படம் மூன்று முப்பத்தொன்றுக்குப் பெறப்பட்டது. எல்லாமே உண்மை. ஒரு எழுத்தில்கூடத் தவறு கண்டுபிடிக்க முடியாது. டைக்காரரும் அதில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் தன் வழி ஒழுங்கு என்று எழுதிக் கிடைத்தால் போதுமே. நிர்வாகிக்கும் ஆஸ்பத்திரிமேல் தப்பில்லை என்று ஆனது. மறந்துபோய், ஆள் செத்த பிறகு பதறி அனுப்பியிருக்கிறாள் என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

அன்று அக்கா என்னை எதற்கு மூன்று தடவை ஃபோனில் கூப்பிட்டாள் என்று கமிட்டியில் கேட்டார்கள். அக்கா தம்பி, வீட்டு விஷயம் ஏதாவது பேசுவோம் என்றேன்.

ஒரு வாரம் கழித்து நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, "உங்கள மாதிரி ஒருத்தர் கூட இருக்கணும், நீங்க இருங்க" என்றார். மூன்று வாரத்தில் கெட்ட பேர் கெட்டதுதான், டைக்காரருக்கு வெள்ளோட்டத்தோடு முடிந்தது.

அக்காவுக்கு வேலை போனது. குடியிருந்ததும் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ் என்பதால் வீடும் போனது. நான்தான் போய்ச் சாமான்களை ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். முன்னறையைக் காலி செய்து, வெளிச்சம் வருகிற பக்கமாகக் கட்டில் போட்டுக்கொடுத்தேன். மனைவிகூட ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

முதல் மாதம் அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "இப்படி உக்காந்திருந்தேன், இப்படித் திரும்பினேன், இப்படி அமுக்கினேன்" என்று விரலால் மேஜையை அழுத்திக் காட்டுவாள். "உனக்கு ஃபோன் பண்ணேனேடா. வேன் நிக்குதுன்னு சொன்னேனே. நீதானே பாதி வந்துடுச்சுன்னு சொன்ன?" என்பாள். நான் பொறுமையாகப் பேசினேன். "அது செவ்வாய்க்கிழமைக்கா. அந்த முழங்கால் பேஷன்ட். நீ தினமும் இதையேதான் கேப்ப, நானும் இதையேதான் சொல்லுவேன். எந்த நாள்னு உனக்குக் குழம்புது" என்றேன். மூன்று வாரம் ஒரே பேச்சைத் தினமும் பேசியிருக்கிறோம், மேடம். செவ்வாய் எது, புதன் எது என்று யாரால்தான் பிரித்துச் சொல்ல முடியும்? "புதன்கிழமை நீ ரொம்பக் களைப்பா இருந்தக்கா. அவரு சிரிப்பா ஏதோ சொன்னாருன்னு சொன்னியே, அதுல கவனம் போயிருக்கும்" என்றேன். குரலை உயர்த்தியதில்லை. அவள் அழுதால் தண்ணீர் எடுத்துக்கொடுப்பேன்.

கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கே சந்தேகம் வந்தது. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வருவாள். "உங்க அக்கா மறுபடியும் பூட்ட இழுத்துப் பாக்கறாங்க" என்று மனைவி சொல்வாள். ஒருநாள் என்னிடம் வந்து, "தம்பி, நான் கை கழுவினேனா? நீ பாத்தியா?" என்று கேட்டாள். கழுவினாய் என்றேன். அப்புறம்தான் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள்.

உங்கள் கோப்பில் அவள் கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கிறதே, அனுப்ப மறந்துவிட்டேன், என் கவனக்குறைவுதான் என்று, அதை டைப் அடித்தது நான். ஒத்துக்கொண்டால் மனம் லேசாகும் என்று எனக்குத் தோன்றியது. வாசித்துக்காட்டினேன். "நான் இப்படியா செஞ்சேன்?" என்று ஒரு தடவை கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் போட்டாள். அடுத்த நாள் அவளே போய்த் தச்சரின் மகள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். அந்தப் பெண் கதவைத் திறக்கவில்லை. மூன்று தடவை போனாள். மூன்றாவது தடவை திறந்து, "நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாளாம். "அவ கேட்டது நியாயம்தான்டா" என்று அக்கா வந்து சொன்னாள்.

அந்தப் பெண் உங்களிடம் புகார் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான். அக்காமேல்தான் கொடுத்தாள். உங்கள் நிபுணர் எதற்கும் இருக்கட்டும் என்று ஃபயர்வாலின் பழைய நகல்களைப் பார்த்திருக்கிறார். எதையும் மாற்றுவதற்கு முன்னால் நான் ஒரு நகல் எடுத்து, தேதியும் காரணமும் குறித்துவைப்பேன். பத்தொன்பது வருடப் பழக்கம், அந்தத் திங்கட்கிழமையும் செய்தேன். காரணம் என்ற இடத்தில் 'சோதனை' என்று போட்டிருக்கிறேன். இன்று காலை நீங்கள் அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தபோது, ஒழுங்காகக் குறித்துவைத்திருக்கிறேனே என்றுதான் முதலில் தோன்றியது.

உங்களிடம் இல்லாத ஒன்றையும் கொடுத்துவிடுகிறேன். தச்சர் இறந்த அன்று சாயங்காலமே நான் சின்னக் கட்டடத்துக்குப் போய், அக்காவின் எந்திரத்தில் இருந்த பதிவை நகல் எடுத்துக்கொண்டேன். அழிந்துபோகப்போகிற எதையும் நகல் எடுக்காமல் விட எனக்கு மனம் வராது. ஒரு பென் டிரைவில் இருக்கிறது. இதோ இந்தக் காகிதத்தோடு வைத்திருக்கிறேன். பத்து நாற்பத்திரண்டு, அக்காவின் பெயர், அனுப்பு என்ற கட்டளை. அதற்குக் கீழே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மறுமுயற்சி. இருபத்தெட்டு வரி. கமிட்டி கூடிய அன்று அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் அழுதுகொண்டே மேஜையை அழுத்திக் காட்டிய நாட்களிலும் என்னிடம்தான் இருந்தது. அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். அவள் அமுக்கித்தான் இருக்கிறாள், மேடம். சரியாகத்தான் அமுக்கியிருக்கிறாள்.

ஆக, அந்த வரியை எழுதியது நான். வேனை நிறுத்தியது நான். தச்சரின் சாவுக்குக் காரணம் நான், அக்கா இல்லை. இதை எந்த மிரட்டலும் இல்லாமல், என் சொந்தப் புத்தியோடு எழுதிக் கொடுக்கிறேன். கோர்ட் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தச்சரின் மகளிடம் சொல்லுங்கள், நிர்வாகியிடம் சொல்லுங்கள், பத்திரிகையில் வேண்டுமானாலும் போடுங்கள். அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவள் பேப்பர் படிப்பதில்லை, வெளியேயும் போவதில்லை, மறைப்பது கஷ்டமில்லை. போன மாதத்திலிருந்துதான் அவள் மேஜையை அழுத்திக் காட்டுவதை நிறுத்தியிருக்கிறாள். தான்தான் மறந்துவிட்டோம் என்று இப்போதுதான் மனதைத் தேற்றிக்கொண்டு ஒருவழியாகத் தூங்குகிறாள். அவளை இந்த நிலைக்குக் கொண்டுவர எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. நீங்கள் போய் ஒரே நாளில் அதைக் கலைத்துவிடாதீர்கள். அவள் தாங்கமாட்டாள், அவளுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.